யார் ஊட்டுப் புள்ள நீ? – ஏழ்மை, குற்றம், தெருவின் பாதுகாப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

வேலூரில் எனக்கு நன்றாகப் பழக்கமான இரண்டு தெருக்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம், பத்து நிமிடம்கூட ஆகாது. இரண்டிலும் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள், ஆண்கள் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், சில பிள்ளைகள் பத்தாவதோடு நின்று ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். கையில் வரும் காசு இரண்டு தெருவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பீடி சுற்றுவார்கள், இரண்டாவது தெருவிலோ ஏழரைக்கெல்லாம் கதவு சாத்திவிடுவார்கள். செல்போன் பறிப்பு, வண்டியில் பெட்ரோல் திருட்டு, குடித்துவிட்டு அடிதடி என்று எதைக் கேள்விப்பட்டாலும் பெரும்பாலும் அந்த இரண்டாவது தெருவில்தான் நடந்திருக்கும்.

இரண்டும் ஏழைத் தெருதானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பதில் தேடிப் படித்ததையும் நேரில் பார்த்ததையும் சேர்த்து, இந்த விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். தெருக்களின் பெயரை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, காரணம் போகப் போகப் புரியும்.

"ஏழைங்க இருக்கிற ஏரியான்னா திருட்டு இருக்கத்தான் செய்யும்" என்று நம்மில் பலர் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கே தப்பு என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்று இரண்டு ஆய்வாளர்கள், சிறார் நீதிமன்றப் பதிவேடுகளை எடுத்து, வழக்கில் சிக்கிய ஒவ்வொரு பையனின் வீடும் எங்கே இருக்கிறது என்று நகர வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்கள். பல ஆண்டுப் பதிவேடுகளை இப்படிப் பார்த்து, 1942-இல் முழு முடிவையும் வெளியிட்டார்கள். சில பகுதிகளில் புள்ளிகள் எப்போதும் நெருக்கமாகவே இருந்தன. அந்தப் பகுதிகளில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரர்களும் குடியிருந்தார்கள், அவர்கள் கொஞ்சம் வசதி வந்ததும் வேறு இடத்துக்குப் போய்விட, போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள், குடியிருந்த ஜனமே மாறிப்போனது, ஆனால் அந்த இடத்தில் குற்றத்தின் அளவு மட்டும் மாறவில்லை. இடம் மாறிப் போனவர்களின் பிள்ளைகளோ புது இடத்தில் மற்றவர்களைப் போலவே ஆகிவிட்டார்கள். அப்படியானால் குற்றம் ஏதோ ஒரு இனத்தின் ரத்தத்தில் இல்லை. அந்த இடத்தின் நிலைமையில் ஏதோ இருக்கிறது. அவர்கள் கண்டது மூன்று: அங்கே வறுமை அதிகம், ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள், பக்கத்து வீட்டாரோடு பேச்சுப் பழக்கம் உண்டாக நேரமே கிடைக்கவில்லை.

இதை வேலூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். என் முதல் தெருவில் வீடுகள் சின்னவை என்றாலும் பெரும்பாலும் சொந்த வீடு, மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறவர்கள். இரண்டாவது தெரு முழுக்க வாடகை. ஒரு வீட்டை மூன்றாகத் தடுத்து விட்டிருக்கிறார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு குடும்பம் வருகிறது, வாடகை ஏறினாலோ வேலை போனாலோ காலி செய்துகொண்டு போகிறது. முதல் தெருவில் ஒரு ஆயா இருக்கிறார். எந்தப் பையன் புதிதாகத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "யார் ஊட்டுப் புள்ளடா நீ?" பையன் பதில் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாவது தெருவில் அதைக் கேட்க ஆள் இல்லை, கேட்டாலும் "இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

இந்த ஆயாவின் கேள்விக்கு ஆய்வாளர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரின் கூட்டுச் செயல்திறன் என்று தமிழில் சொல்லலாம். அதே சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் இயர்ல்ஸ் மூவரும் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டு 1997-இல் வெளியிட்ட ஆய்வு அது. கேள்விகள் மிக எளிமையானவை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது கேட்பார்களா? உங்கள் வீட்டு வாசலில் சண்டை நடந்தால் யாராவது விலக்குவார்களா? பெரியவரிடம் ஒரு பையன் மரியாதையில்லாமல் பேசினால்? இங்கிருக்கிறவர்களை நம்பலாமா? இந்தக் கேள்விகளுக்கு "ஆமாம், கேட்பார்கள்" என்று பதில் வந்த பகுதிகளில், வறுமை இருந்தாலும், வன்முறை குறைவாக இருந்தது. ஏழ்மைக்கும் வன்முறைக்கும் இடையே நாம் காண்கிற தொடர்பில் பெரும்பங்கு இதன் வழியாகத்தான் வருகிறது என்பதுதான் அவர்கள் கண்டது.

அதாவது வறுமை ஒரு மனிதனைப் பிடித்துத் திருடனாக்கிவிடுவதில்லை. கோடிக்கணக்கான ஏழைகள் வாழ்நாள் முழுக்க ஒரு ரூபாய் திருடாமல் வாழ்கிறார்கள். வறுமை செய்கிற வேலை வேறு: தெருவைப் பாதுகாக்கிற சின்னச் சின்ன விஷயங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போகிறது. பீடிக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு, அதிலும் சரியில்லை என்று ஒதுக்கியதற்குக் காசு கிடையாது, ஆகவே விடிந்ததிலிருந்து ராத்திரி வரை குனிந்த தலை நிமிராமல் சுற்றுகிற அம்மாவால் எட்டாவது படிக்கிற மகன் மத்தியானம் எங்கே போனான் என்று பார்க்க முடிவதில்லை. அப்பா கட்டிட வேலைக்கு பெங்களூர் போனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். தெருவிளக்கு எரியாவிட்டால் மனு கொடுக்கப் போவதற்கு அரை நாள் கூலி போகும், அதனால் யாரும் போவதில்லை, விளக்கு அப்படியே கிடக்கிறது. இருட்டு இருந்தால் பெண்கள் வாசலில் உட்காருவதில்லை. வாசலில் ஆள் இல்லாத இடம் குடிக்க வருகிறவர்களுக்கு வசதியாகிவிடுகிறது. இப்படி ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுக்கும்.

இதில் தினமும் வசூலிக்கிற வட்டிக் கடனான தண்டலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சில் அது எப்போதும் விட்டுப்போகிறது. பத்தாயிரம் வேண்டும் என்று கேட்டால் முன்வட்டி பிடித்துக்கொண்டு கையில் எட்டாயிரமோ எட்டாயிரத்து ஐந்நூறோ கொடுப்பார்கள், நூறு நாளைக்கு தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு நாள் தவறினால் வாசலில் நின்று நாலு பேர் கேட்க அசிங்கமாகப் பேசுவார்கள், ஆண் இல்லாத வீடு என்றால் இன்னும் மோசம். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது, வட்டிக்காக மிரட்டுவது குற்றம். ஆனால் யார் போய்ப் புகார் கொடுப்பது? நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும். இப்படி அந்தத் தெருவில் தினமும் நடக்கிற ஒரு குற்றம் எந்தக் காவல் நிலையக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இன்னொரு விஷயத்தையும் நாம் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம். ஏழைத் தெரு என்றால் அங்கிருந்து ஆபத்து கிளம்பி நம்மிடம் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தக் குற்றங்களால் முதலில் அடிபடுகிறவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். வசதியானவர் பைக் தொலைத்தால் மனசு கஷ்டப்படும், இன்சூரன்ஸ் வரும், அடுத்த மாதம் வேறு வாங்கிவிடுவார். இரண்டாவது தெருவில் ஒரு அண்ணன் காய்கறி விற்கிற மூன்றுசக்கர வண்டியை ஒருநாள் ராத்திரி யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் வியாபாரம் இல்லை, வாடகை வண்டிக்குத் தண்டல் எடுத்தார், அந்தத் தண்டலைக் கட்ட மகனைப் படிப்பை நிறுத்திவிட்டு லாட்ஜில் ரூம் பாய் வேலைக்கு அனுப்பினார். ஒரு திருட்டில் மூன்று பேர் வாழ்க்கை திசைமாறிவிட்டது. ஏழ்மையிலிருந்து குற்றம் வருகிறது என்று மட்டுமே பேசுகிறோமே, குற்றத்திலிருந்து ஏழ்மை வருவதை யார் பேசுகிறார்கள்?

சரி, குற்றம் என்று நாம் எதை எண்ணுகிறோம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே உதாரணம் நிறைய உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரை ஆந்திர போலீஸார் சுட்டுக் கொன்றார்கள், அதில் பெரும்பாலோர் ஜவ்வாது மலைப் பக்கத்துக் கிராமங்களையும் தர்மபுரிப் பக்கத்தையும் சேர்ந்த கூலிகள். மலையில் மழை பொய்த்தால் வேலை கிடையாது, ஏஜெண்ட் வந்து ஒரு வாரத்துக்குப் பெரிய தொகை சொல்லி முன்பணம் கொடுப்பான், போய்விடுவார்கள். மரம் கடல் தாண்டிப் போய் விற்கிற விலையில் அவர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு? பிடிபடுவதும் சாவதும் மட்டும் அவர்கள். 'நீரில்லா ஆறு' என்று பாலாற்றைச் சொல்வோமே, அதில் ராத்திரியில் மணல் அள்ளியதாகப் பிடிபடுவதும் பெரும்பாலும் மாட்டுவண்டிக்காரர்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. அதே 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியற்காலையில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளையும் நிலங்களையும் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கிணறு கெட்டதால் விவசாயம் போனவர்கள் பலர் கூலிக்கு வந்தார்கள், வாடகைத் தெருக்களுக்கு வந்தார்கள். ஆனால் "இந்த ஏரியா பாதுகாப்பானதா?" என்று கேட்கும்போது செயின் பறிப்பை மட்டும்தான் எண்ணுகிறோம், குடிதண்ணீரை எண்ணுவதில்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இப்போது போலீஸ் பற்றி. பாதுகாப்பு என்றாலே நமக்குப் போலீஸ்தான் ஞாபகம் வரும், ரோந்து வண்டி வந்தால் திருட்டு குறையும் என்பதும் ஓரளவு உண்மைதான். ஆனால் ஏழைத் தெருவுக்கும் காவல் நிலையத்துக்கும் இருக்கிற உறவு வேறு மாதிரி. எங்காவது திருட்டு நடந்தால் சந்தேகத்தின் பேரில் முதலில் அந்தத் தெருப் பையன்களைத்தான் அள்ளிக்கொண்டு போவார்கள், அதே தெருவில் திருட்டுப் போனதென்று யாராவது புகார் கொடுக்கப் போனால் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் நம்பிக்கை போய்விடும். நம்பிக்கை போனால் பார்த்த சாட்சி வாயைத் திறக்காது, வாயைத் திறக்காவிட்டால் குற்றவாளி பிடிபட மாட்டான், அப்புறம் "நாமே பார்த்துக்கொள்ளலாம்" என்று கத்தி எடுக்கிற ஆள் வருவான். அவனைத்தான் பையன்கள் அண்ணன் என்று பின்னால் சுற்றுவார்கள்.

முத்திரை குத்துவது நம் மண்ணில் பழைய பழக்கம். 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி என்று சில சமூகங்களையே பதிவேட்டில் ஏற்றினான். நாடு முழுக்க அது நீங்கியது 1952-இல்தான். சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை, இப்போது அது சாதியின் பெயரோடு ஏரியாவின் பெயரிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை கேட்டுப் போகிற பையன் தன் தெருப் பெயரைச் சொன்னதும் முகம் மாறுவதை நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவன் அடுத்த இடத்தில் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்தான். இதனால்தான் அந்தத் தெருக்களின் பெயரை நான் எழுதவில்லை. தொரப்பாடியில் நம் மத்திய சிறை இருக்கிறதே, அதன் சுவரைக் கடந்து போகும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில், 2022 கணக்குப்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் தண்டனை பெற்றவர்களே அல்ல, விசாரணைக் கைதிகள். ஜாமீன் கிடைத்தாலும் கட்டப் பணமோ, கையெழுத்துப் போட ஆளோ இல்லாமல் உள்ளே கிடப்பவர்களும் அவர்களில் உண்டு.

அப்படியானால் "யார் ஊட்டுப் புள்ள நீ?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தால் போதுமா? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நீ ஊர்த்தெருவா, காலனியா என்று தெரிந்துகொள்ளவும் அதையே கேட்பார்கள். ஒற்றுமை சாதி எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டால், அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அது பாதுகாப்பே இல்லை, மிரட்டல்தான். அறிமுகம் இல்லாமல் வெறும் பயத்தில் ஒன்று சேர்கிற கூட்டம் என்ன செய்யும் என்பதையும் பார்த்தோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரத்தில், போளூர் பக்கம் அத்திமூரில், கோயிலுக்குப் போக வந்த ஒரு குடும்பம் வழியில் நிறுத்திக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதுப் பாட்டி ஒருவர் இறந்துபோனார். அன்றைக்கு அங்கே எல்லோரும் ஒன்றாகத்தான் நின்றார்கள். எங்கள் ஆயா கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார், அந்தக் கூட்டம் காத்திருக்கவில்லை.

இதையெல்லாம் மாற்ற முடியுமா என்றால், முடியும் என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன, அதுவும் சின்னச் செலவில். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் குப்பையும் புதரும் மண்டிக்கிடந்த 541 காலி மனைகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றைச் சுத்தம் செய்து புல் போட்டு வைத்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். 2018-இல் வந்த முடிவுப்படி, வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்த பகுதிகளில், சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளில் 2016-இல் பெரிய விளக்குகளை வைத்துப் பார்த்தபோது இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தன. இங்கே துப்பாக்கி இல்லை, ஊர் வேறு, எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் சீமைக் கருவேலமும் உடைந்த பாட்டிலும் கிடக்கிற காலி மனையும் எரியாத தெருவிளக்கும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன.

சில சமயம் அரசாங்கம் வேறு வழியில் போகிறது, குடிசைகளை மொத்தமாகப் பெயர்த்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்க் குவிக்கிறது. சென்னையில் கண்ணகி நகரில் நடந்தது இதுதான். வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது, இருபது வருட அக்கம்பக்கம் கலைந்துவிட்டது, போதாக்குறைக்கு அந்தப் பெயரே ஒரு முத்திரையாகிவிட்டது. வீட்டை மாற்றுகிறவர்கள் அந்த ஆயாவையும் அவர் உட்கார்ந்த வாசலையும் சேர்த்துக் கணக்கில் வைக்க வேண்டும்.

உங்கள் தெருவில் இன்றைக்கே செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. எரியாத விளக்கின் கம்பத்தில் எண் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள், நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் தெருவில் நாலு பேர் கையெழுத்தோடு மனு கொடுங்கள். திருட்டுப் போனால் வெறும் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால் புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தண்டல்காரர் மிரட்டினால் ஒரு பெண் தனியாக நிற்காமல் மகளிர் குழுவோடு சேர்ந்து போய் நிற்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

இரண்டாவது தெருவில் போன வருடம் மூன்று விளக்கு வந்தது. மனு எழுதியது நான், கையெழுத்து வாங்கினது அங்கே படிக்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண்கள், ஒவ்வொரு வாடகை வீட்டுக் கதவையும் தட்டி, "அக்கா, நாங்க ரெண்டு வீடு தள்ளி இருக்கோம்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பல வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்தது. திருட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், போன மாதம்கூட ஒரு வண்டி போயிற்று. ஆனால் காலி மனைக்கு எதிரில் ஒரு விளக்குக் கம்பத்தின் கீழே இப்போது இரண்டு மூன்று பெண்கள் முறத்தோடு வந்து உட்காருகிறார்கள், எட்டரை வரைக்கும் இருக்கிறார்கள். போன வாரம் நான் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனபோது, அடையாளம் தெரியாமல் அவர்களில் ஒரு அம்மா கூப்பிட்டார்: "ஏம்மா, யார் ஊட்டுப் பொண்ணு நீ?"